நுளம்பை விரட்டும் புல்லெண்ணெயும் நனோ நுட்பமும்

மானாப்புல்லைத் தோட்ட மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தைத் தேற்ற அதை நடுகிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்தது பங்கிரி என்னும் வாசனைப்புல். அதை நீராவியில் வடித்தால் சிட்ரோனெல்லா எண்ணெய் கிடைக்கும். நுளம்பை விரட்டும் குணம் அதற்கு உண்டு.

இக்குணம் நமக்கு ஏன் முக்கியம்? மொனராகலை மலேரியாவால் நெடுங்காலம் வாடிய மாவட்டம். உள்நாட்டில் தொடர்ந்து பரவும் மலேரியா 2012க்குப் பின் இலங்கையில் காணப்படவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் டெங்கு ஓயவில்லை.

எண்ணெயின் குறை என்ன?

அது விரைவில் ஆவியாகிவிடும், தண்ணீரிலும் கலக்காது. பூசிய சிறிது நேரத்தில் காவல் போய்விடுகிறது. இங்கேதான் நனோ நுட்பம் உதவுகிறது. ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கே நனோமீற்றர். எண்ணெயை ஒரு சில நூறு நனோமீற்றருக்கும் குறைந்த துளிகளாக உடைத்து, அவை மீண்டும் சேராதபடி சவர்க்காரம் போன்ற ஒரு பொருளால் போர்த்தி, நீரில் நிறுத்துகிறார்கள். துளியின் விட்டம் பத்திலொன்றானால், அதே எண்ணெயின் மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும். கிருமியைத் தொடும் இடமும் அவ்வளவு பெருகும்.

2009இல் தாய்லாந்து ஆய்வாளர் சிட்ரோனெல்லா எண்ணெயை இவ்வாறு தயாரித்துச் சோதித்தனர். கிளிசரின் முதலியவற்றின் அளவைக் கூட்டியபோது எண்ணெய் மெதுவாக வெளியேறியது. காவல் நேரமும் நீண்டது. நம் நாட்டிலும் 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் ஹோமாகமையில் இயங்குகிறது. மெதுவாகக் கரையும் யூரியா உரம் பற்றிய ஆய்வில் அதற்குப் பங்குண்டு.

எச்சரிக்கை

வீட்டில் எண்ணெயையும் சவர்க்கார நீரையும் குலுக்கினால் பால் போன்ற கலவை வரும். அது நனோ அல்ல. துளிகள் மிகப் பெரியவை. நனோத் துளிகளுக்குப் பெரும்பாலும் உயர் அழுத்தக் கருவியையோ ஒலியலைக் கருவியையோ பயன்படுத்துகிறார்கள். மேலும், சிறிய துளி தோலுக்குள் எளிதில் புகும். நன்மையோடு எரிச்சலும் கூடலாம். ஆய்வுகூட வெற்றி உடனே மருந்தாகிவிடாது. வாசனை எண்ணெய் எதையும் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரம் மருந்தையும் மருத்துவரையும் சேர்த்தே மதிக்கிறது.

நம் பங்கு

கருவி நம்மிடம் இல்லை. புல்லும் நிலமும் உண்டு. புல்லை மட்டும் விற்றால் ஆதாயம் பிறருக்கே போகும். சேர்ந்து வடித்து, தரம் பார்த்து, எண்ணெயாக விற்றால் உழைப்பவர் கையில் கூடுதலாகத் தங்கும். மட்டமான எண்ணெயை எந்த நுட்பமும் நல்லதாக்காது.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் ஊரில் வாசனைப்புல் வளர்க்கத்தக்க தரிசு எங்கே உண்டு? அது யாருடையது?
2. வடிகலனைத் தனியாள் வாங்குவதா, சங்கம் வாங்குவதா? ஏன்?
3. லயத்தைச் சுற்றி நீர் தேங்கும் இடங்கள் எவை? எண்ணெய் பூசுமுன் அவற்றை அகற்றினோமா?