அம்மாவின் டிபன் கடையும் தொழில் தொகுப்பும்
பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு ஒரு களச் செயல்பாடு

பத்தாம் வகுப்புப் பொருளியலில் ‘தமிழ்நாட்டில் தொழில்துறை தொகுப்புகள்’ என்றொரு பாடம் உண்டு. மற்ற ஊர்களில் அதைப் படம் காட்டி நடத்த வேண்டியிருக்கும். எங்களுக்கு ஜன்னலைத் திறந்தாலே போதும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் ஒரகடத்தைச் சுற்றியுள்ள பிள்ளைகளுக்குக் கம்பெனி பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தே அது எந்தத் தொழிற்சாலையுடையது என்று சொல்லத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் கால்கோள் இட்டது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது, 2013இல் ராயல் என்ஃபீல்டு வந்தது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“மிஸ், எங்க அம்மா டிபன் கடையும் இந்தத் தொகுப்புல வருமா?”

நல்ல கேள்வி. அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ‘ஆமாம், அதுவும் ஒரு சேவைதான்’ என்று சொல்லிவிட்டு டிட்கோ, சிப்காட் என அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் மெஸ், தையல், பஞ்சர் கடை, துணி தேய்ப்பது, ரூம் வாடகை என்று இந்த ஆலைகளை நம்பித்தான் பிழைக்கிறார்கள். பாடம் நிற்கும் இடத்திலிருந்து அவர்கள் வாழ்க்கை தொடங்குகிறது. அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தச் செயல்பாடு பிறந்தது. மூன்று ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். முதல் ஆண்டு தோல்வி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டு நான் செய்த தவறு

‘சிறு தொழில் வளர சமூக ஊடகம்’ என்று தலைப்பு கொடுத்து, ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு கடைக்கு முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ பக்கம் தொடங்கச் சொன்னேன். பிள்ளைகள் உற்சாகமாகச் செய்தார்கள். பூ வைத்த படம், பாட்டு, நகரும் எழுத்து என எதற்கும் குறைவில்லை. ஒரு வாரத்தில் டிபன் கடைப் பக்கத்துக்கு முந்நூறு விருப்பக்குறிகள் வந்தன. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அந்த அம்மாவிடம் பெருமையாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“லைக்கு போட்டதெல்லாம் எங்க சொந்தக்காரங்கதான் டீச்சர். திருவண்ணாமலையில இருந்துக்கிட்டு இட்லி சூப்பர்னு போடுறாங்க. கடைக்குப் புதுசா ஒரு ஆளும் வரல.”

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்னொரு குழு, கடைக்காரரிடம் கைப்பேசி இல்லையென்று மாணவி வீட்டு எண்ணையே பக்கத்தில் போட்டுவிட்டது. இரவு பத்து மணிக்குமேல் வேண்டாத அழைப்புகள். அவள் தந்தை பள்ளிக்கு வந்து கோபப்பட்டது முழுக்க நியாயம். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஐந்து பக்கங்களையும் அன்றே நீக்கினோம்.

தெரிந்தவரின் தெரிந்தவர்

அடுத்த ஆண்டு கைப்பேசியைத் தொடாமல், தாளில் தொடங்கினேன். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால் இதுவே சரியான வழியும் ஆயிற்று.

சமூகவியலில் ஒரு பழைய ஆய்வு உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் அருகே வேலை மாறியவர்களிடம், ‘இந்த வேலை பற்றி யார் மூலம் தெரிந்தது?’ என்று கேட்டார். 1973இல் வெளியான அவரது கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஏறத்தாழ 100க்கு 17 பேர்தான் அடிக்கடி சந்திக்கும் நபரிடமிருந்து செய்தி பெற்றவர்கள். மற்ற எல்லாருக்கும் எப்போதாவதோ அரிதாகவோ பார்க்கும் ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தியைக் கொண்டுவருபவர் அடுத்த வட்டத்தில் இருப்பவர்.

கடைக்கும் இதே கணக்குதான். சொந்தக்காரரின் முந்நூறு விருப்பக்குறிகள் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகின்றன. ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறிப்போன தொழிலாளி ஒருவரின் கைப்பேசியில் கடையின் எண் இருந்தால், அது புது வட்டத்துக்குப் போகும் பாலம்.

ஆகவே முதல் வேலை வரைபடம். தாளின் நடுவில் கடை. ‘இந்தக் கடையை உங்களுக்கு யார் சொன்னார்கள்?’ என்று வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் மாணவர்கள் பெற்றோருடன் சென்று கேட்டு, ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வைத்துக் கோடு இழுக்க வேண்டும். அவர் எங்கே வேலை செய்கிறார், எந்த ஷிஃப்ட், எங்கே தங்கியிருக்கிறார் என்பதைப் புள்ளியின் கீழ் எழுத வேண்டும். பெயர் வேண்டாம்.

டிபன் கடையின் வரைபடம் வந்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. பத்துக் கோடுகளில் எட்டு ஒரே கேட்டில் போய் முடிந்தன. ஒரு பையன் சொன்னான்: “மிஸ், அந்தக் கம்பெனி மூடினா கடையும் மூடணும்.”

இது கற்பனைப் பயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. பாடநூலில் ஒரு தொகுப்பு எப்படி உருவாகிறது என்று படிக்கிறோம். ஒரு ஆலை நின்றால் அதன் வாசலை நம்பியவர்கள் என்ன ஆவார்கள் என்பதை இந்தப் பகுதிப் பெற்றோரிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த வகுப்பு முழுவதையும் இதற்கே கொடுத்தேன். பாடத்திட்டம் ஒரு நாள் பின்தங்கியது. வருத்தமில்லை.

எந்தக் கடைக்கு எது

மூன்று கடைகளை எடுத்துக்கொண்டோம். மூன்றுக்கும் விடை வேறு வேறாக வந்தது. இந்தச் செயல்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

சாலையோரப் பஞ்சர் கடைக்கு வருபவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர். அவரிடம் எண் வாங்கி வைத்து என்ன பயன்? டயர் பஞ்சரானவர் கூகுள் மேப்பில் தேடுவார். அதில் கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம், ஒரு படம் பதிவாகியிருந்தால் போதும். கட்டணம் கிடையாது. நேரத்தைச் சரியாகப் போடுவதுதான் முக்கியம். திறந்திருக்கும் என்று நம்பி இரவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பூட்டைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்பதைப் பிள்ளைகளே நடித்துக் காட்டினார்கள்.

ஆரி வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் பொருந்தியது. ரவிக்கை வேலைப்பாடு கண்ணால் பார்த்து முடிவு செய்யும் பொருள். அதற்குத் தொலைவும் ஒரு தடையில்லை.

டிபன் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ். 2018இல் வந்த இந்தச் செயலி இலவசம். கடை நேரம், முகவரி, பொருள் பட்டியல், தானாகப் போகும் வரவேற்புச் செய்தி எல்லாம் அதில் வைக்கலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் யார் தம் கைப்பேசியில் கடையின் எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறாரோ அவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். கடைக்காரர் எண்ணைச் சேர்த்துக்கொண்டால் போதாது, வாடிக்கையாளரும் சேர்க்க வேண்டும். ‘ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்டேன். “கண்டவங்க மெசேஜ் வராம இருக்க” என்று பதில் வந்தது. ‘அப்படியானால் அந்த அம்மா என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டபோது, “காசு வாங்கும்போதே நம்பரை சேவ் பண்ணச் சொல்லணும்” என்றார்கள். அதற்காகக் கல்லாவுக்கு அருகில் ஒட்டும் அட்டை ஒன்றை எழுதினோம். தமிழ்ப் பாடத்தில் விளம்பரம் எழுதும் பயிற்சியும் அதிலேயே முடிந்தது.

அடுத்தது நேரம். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறதென்றால், மதிய உணவுச் செய்தி ஒன்றரைக்குப் போக வேண்டும். ஐந்து மணிக்குப் போனால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். வரைபடத்தில் ஷிஃப்ட் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

மொழியும் உண்டு. வாடிக்கையாளர்களில் ஒடிசா, பீகாரைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். என் வகுப்பில் ஒரு மாணவன், தந்தை ஒடிசாவிலிருந்து வந்தவர். அதுவரை வாய் திறக்க மாட்டான். மற்றவர்கள் எழுதிய இந்தி வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, இப்படி யாரும் பேச மாட்டார்கள் என்று திருத்தினான். கூடவே ஒடியாவிலும் ஒரு வரி எழுதிக் கொடுத்தான். பருப்பு, சோறு, காய்க் குழம்பு இரவு ஒன்பது வரை கிடைக்கும் என்பதுதான் அந்த வரி. நான்காம் வாரம் ஒரே அறையில் தங்கியிருந்த ஏழு பேர் இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்த்துச் சொன்னார்கள். அவர்கள் அந்த எட்டுக் கோடுகள் போய்ச் சேர்ந்த கேட்டைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

பிள்ளைகள் எண் வேண்டாம்

முதல் ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சில விதிகளை வைத்திருக்கிறேன். கணக்கு பெற்றோருடையது, கைப்பேசி எண் கடையுடையது. மாணவர் எண், முகம், பள்ளிச் சீருடை எதுவும் படத்தில் வரக் கூடாது. மாணவர் வகுப்பில் தாளில் திரையை வரைந்து கொடுப்பார், பெற்றோர் வீட்டில் அதைச் செயலியில் ஏற்றுவார். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுகிறேன்.

பண மோசடியையும் சேர்த்தே பேச வேண்டும். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. இந்த ஒரு வரியை வீட்டில் போய்ச் சொன்ன பிள்ளைகளுக்குப் பெற்றோரிடம் நல்ல மதிப்பு. பணம் அனுப்பியதாகக் காட்டும் போலித் திரைப்படத்தை நம்பாமல், கணக்கில் ஏறிய பிறகே பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும். ஏமாந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கு விருப்பக்குறிகளை எண்ணுவதில்லை. நான்கு வாரம் நாள்தோறும் வந்த புது ஆட்கள், திரும்ப வந்தவர்கள், அவர்கள் யார் சொல்லி வந்தார்கள் என்ற மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போதும். கணித ஆசிரியர் அதையே சதவீதத்துக்கும் வரைபடத்துக்கும் எடுத்துக்கொண்டார். தொடக்கப் பள்ளியில் ஊடகம் எதுவும் வேண்டாம். ‘உங்கள் வீட்டில் எந்தக் கடையில் வாங்குவீர்கள், அதை யார் சொன்னார்கள்?’ என்று படம் வரையச் சொன்னாலே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாகக் கோடு இழுக்கிறார்கள்.

அந்த மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறாள். போன மாதம் வழியில் பார்த்தபோது அம்மாவின் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். “இருநூறைத் தாண்டிடுச்சு மிஸ். ஆனா ஊருக்குப் போனவங்க நம்பரை எப்ப எடுக்கிறதுன்னு தெரியல” என்றாள். அடுத்த ஆண்டு வகுப்பில் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.