எத்தனை டிபி என்பது கடைசிக் கேள்வி

சொந்தக்காரர்களோ அக்கம்பக்கத்தாரோ, கம்ப்யூட்டர் சாமான் எது வாங்கினாலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்றால் எல்லோரும் "எத்தனை டிபி வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: அதில் போடப்போகிற படமும் வீடியோவும் இன்னொரு இடத்திலும் இருக்குமா, இல்லை இது ஒன்றுதான் காப்பியா? எதை வாங்குவது என்பது பெரும்பாலும் இந்தப் பதிலிலேயே முடிவாகிவிடும்.

என் பெரியப்பா 5 டிபிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "விலையில பெரிய வித்தியாசம் இல்லையேப்பா, வாங்கிப் போட்டா பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல." அவருடைய கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைக் காட்டினேன். கல்யாண வீடியோ, பேரன் பேத்தி படம், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் சேர்ந்தும் 400 ஜிபியைத் தாண்டவில்லை. "பெரியப்பா, ஏறக்குறைய இதே காசுக்கு 2 டிபியில ரெண்டு வருது. ஒண்ணு இங்க இருக்கட்டும், இன்னொண்ணு அக்கா வீட்டுல இருக்கட்டும்" என்றேன். அரைமனதாகத்தான் சம்மதித்தார். இப்போது பண்டிகைக்குப் போகும்போதெல்லாம் இரண்டையும் மாற்றிக்கொண்டு வருகிறார்.

இரண்டையும் ஒரே பீரோவில் வைத்தால் பாதி பலன்தான். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளை நினைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் முழுகிய அறையில் பக்கத்திலிருந்த பேக்கப் மட்டும் தப்பிக்குமா? எப்போதும் செருகியே வைத்திருப்பதும் ஆபத்து. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் உள்ளே வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். காப்பி முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது வகை. கையடக்கமான 2.5 இன்ச் டிஸ்க்குக்கு யூஎஸ்பி கேபிள் வழியாக வரும் மின்சாரமே போதும். 3.5 இன்ச் டிஸ்க் மேஜையில் நிறுத்தி வைப்பது. 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். பெரிய கொள்ளளவு அதில்தான் கிடைக்கும். ஆனால் நம் ஊர் மின்வெட்டை மறக்கக்கூடாது. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், அடாப்டர் சாதாரண பிளக்கில் இருக்கும். காப்பி பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க் மட்டும் நின்றுவிடும். வீட்டு உபயோகத்துக்கு நான் பெரும்பாலும் 2.5 இன்ச் பக்கம்தான்.

எஸ்எஸ்டி வாங்கலாமே என்பார்கள். தினமும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கும், டிஸ்க்கிலேயே வைத்து வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். வேகம் பல மடங்கு. உள்ளே சுழலும் தட்டு இல்லாததால் கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வருடக்கணக்கில் பீரோவில் தூங்கப்போகிற பேக்கப்புக்கு அது தேவையில்லை. விலை அதிகம் என்பதோடு, மின்சாரமே காட்டாமல் நெடுநாள் வைத்தால் அதன் செல்களில் இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும் தன்மையும் உண்டு.

அட்டைப்பெட்டி சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைய 2.5 இன்ச் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப்போல அதில் ஒரு தடம் இன்னொன்றின்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். அதனால் அதே இடத்தில் அதிகம் அடங்கும். ஆனால் நடுவில் ஒன்றைத் திருத்தி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். 2020இல் பெரிய டிஸ்க் நிறுவனங்கள் சில மாடல்களில் இதைச் சொல்லாமலே விற்றது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. நமக்கு எப்படித் தெரியும்? ஏராளமான கோப்புகளை ஒரே மூச்சில் போட்டால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த காப்பி, கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று தவழ ஆரம்பிக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து கேபிளைப் பிடுங்காதீர்கள், அது பாட்டுக்கு முடிக்கட்டும். எழுதி வைத்துவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்க்க இந்த வகை தாராளமாகப் போதும். தினமும் அழித்து அழித்து எழுதும் வேலைக்குத்தான் ஒத்துவராது.

வேகம் குறைய இன்னொரு காரணம் நாம் செருகும் இடம். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் எந்த டிஸ்க்கும் நொடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் நகராது. யூஎஸ்பி 3.0 போர்ட்டின் உள்ளே பெரும்பாலும் நீல நிறம் தெரியும். பழைய கேபினெட்டுகளில் முன்பக்க போர்ட்டில் மின்சாரம் போதாமல் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதையே பின்பக்கம் மாற்றிச் செருகினால் சரியாகிவிட்டது. டிஸ்க்கின் பக்கம் இருக்கும் அந்த அகலமான, நடுவில் வெட்டு விழுந்த மைக்ரோ பி சாக்கெட் எனக்குப் பிடிக்காது. கேபிள் கொஞ்சம் ஆடினாலே டிஸ்க் விட்டுவிட்டுத் தெரியும். டைப் சி சாக்கெட் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பல மாடல்களில் இந்த சாக்கெட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பெட்டியைப் பிரித்து வேறு கேஸில் போட்டுப் பார்க்கலாம் என்றால் முடியாது. டேட்டா மீட்டுத் தருகிறவர்களிடம் போனால் டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். வாரண்டி பெரும்பாலும் 2 அல்லது 3 வருடம். அதில் கிடைப்பது புது டிஸ்க்தான், உள்ளே இருந்த படங்கள் அல்ல. மீட்புச் சேவையும் சேர்ந்தே வரும் மாடல்கள் சில உண்டு; கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

கொள்ளளவு குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். தயாரிப்பவர் கணக்கில் 1 டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024ஆல் வகுத்து வகுத்து 931 ஜிபி என்று காட்டும். 2 டிபி என்றால் 1.81 தெரியும். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, கல்யாண வீடியோவெல்லாம் அங்கேதான் மாட்டும்.

நம்பமுடியாத விலையில் 16 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் வருவதைத் தொடவே வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரிடம் பொய்க்கணக்கு காட்டும் சரக்கு அது. நல்ல கடையில் வாங்கியதையும் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் சோதித்துவிட வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிடலாம். காலையில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். புது டிஸ்க்கில் மூன்றின் கடைசிக் கட்டத்திலும் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் படம் எதையும் ஏற்றாமல் அப்படியே பெட்டியில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போய் மாற்றிக்கொள்ளுங்கள்.