படைவீரர் கற்கும் அரபு மொழி

அயல்நாட்டிற்குச் செல்லும் படைவீரனுக்கு அந்நாட்டு மொழியையும் கற்பித்தனுப்ப வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால் அரபு நாட்டிற்குச் செல்பவனுக்கு எந்த அரபைக் கற்பிப்பது? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நூலிலும் செய்தித்தாளிலும் வானொலிச் செய்தியிலும் வழங்குவது 'ஃபுஸ்ஹா' என்னும் செந்நடை. வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்குவது 'ஆம்மிய்யா' என்னும் பேச்சு வழக்கு. மேடையில் 'இப்பொழுது' என்றும், விடுதி அறையில் 'இப்ப' என்றும் கூறும் நமக்கு இது புதுமையன்று. ஆயினும் அங்குள்ள இடைவெளி இன்னும் அகன்றது. அந்த 'இப்பொழுது' என்ற சொல்லையே பாருங்கள். செந்நடையில் 'அல்ஆன்', எகிப்தியர் வாயில் 'தில்வக்தி', இராக்கியர்க்கு 'ஹஸ்ஸா', லெபனானில் 'ஹல்லா'. மொழியியலறிஞர் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி 1959-இல் எழுதிய கட்டுரையில் சான்றாக எடுத்துக்கொண்ட நான்கனுள் அரபும் ஒன்று.

ஆங்கிலேயர் 1944-இல் எருசலேமில் ஓர் அரபுக் கல்வி நிலையம் தொடங்கினர். அது 1947-இல் லெபனானின் ஷெம்லான் என்னும் மலையூருக்கு மாறி, 1978 வரை நடைபெற்றது. ஊரார் அதற்கு இட்ட பெயர் 'ஒற்றர் பள்ளி'. சோவியத்து ஒற்றரென 1961-இல் தண்டனை பெற்ற ஜார்ஜ் பிளேக் அங்கே பயின்றவரே. ஊரார் வாக்கு முற்றிலும் பொய்யன்று போலும்!

அமெரிக்கப் படையின் மான்டெரே மொழிப்பள்ளியில் ஸ்பானிய மொழிக்கு 36 வாரம். அரபுக்கோ 64 வாரம். எல்லா வீரர்க்கும் இத்துணைக் காலம் ஏது? ஆகவே 1943-இல் இராக் சென்ற வீரர்க்குச் சிறு கையேடு ஒன்றைக் கொடுத்தனர். பள்ளிவாசல்களை விட்டு விலகி நில், பெண்களை உற்று நோக்காதே, முசுலிம்களுக்குப் பன்றி இறைச்சி கொடுக்காதே என்பன போன்ற அறிவுரைகளோடு சில அரபுச் சொற்களும் அதில் இருந்தன. அமெரிக்கப் படை 2003-இல் மீண்டும் இராக்கில் நுழைந்தபின், அந்தப் பழங்கையேட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் 2007-இல் மறுபதிப்பாக வெளியிட்டது. அதன் தேவை விளங்க ஒரு கணக்கு போதும்: பாக்தாத் அமெரிக்கத் தூதரகத்தின் 1,000 பேருள் அரபு அறிந்தோர் 33 பேர், சரளமாகப் பேசுவோர் அறுவரே என 2006-இல் இராக் ஆய்வுக்குழு அறிவித்தது.

சொல் மட்டுமா? கையசைவும் மொழியே. ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்துக் காட்டினால் அரபு நாடுகளில் 'சற்றுப் பொறு' என்று பொருள். உயர்த்திய மூடிய கை அமெரிக்க வீரனுக்கு 'நில்'. சாவடியை நோக்கி வண்டியோட்டி வரும் இராக்கியனுக்கோ அது விளங்காத சைகை. அவன் நிற்கவில்லை என்றால் அடுத்து வருவது குண்டு. பின்னர்க் கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்தில் போலி இராக்கிச் சிற்றூர்களை அமைத்து, அரபு பேசுவோரை ஊராராக நடிக்கச் செய்து வீரர்களைப் பழக்கினர்.