தொழிற்சாலையும் தொண்டும்: செயல்பாட்டு நிர்வாகம் ஓர் அறிமுகம்

நிர்வாகப் படிப்பு என்றதும் கணக்கு, விற்பனை, விளம்பரம் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அப்படிப்பில் 'செயல்பாட்டு நிர்வாகம்' என்று ஒரு பாடமும் உண்டு. ஆள், பொருள், இயந்திரம், நேரம் ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்தி, வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில், குறையாத தரத்தில், குறைந்த செலவில் ஒன்றைக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதை ஆராயும் பாடம் இது.

பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் வகுப்பு என்று இதைப் பயின்றவன் நான். என்னோடு படித்தவர்களில் சிலர் தொழிற்சாலைகளிலும், சிலர் வங்கி, மருத்துவமனை, ஹோட்டல்களிலும் பணியாற்றினர். கார் செய்வதற்கும் நோயாளியைக் கவனிப்பதற்கும் ஒரே பாடம் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி எங்களுக்குள் அடிக்கடி எழும். அதற்கு நான் கண்ட விடையை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன். அறப்பணிகளுக்கு வாரி வழங்கும் அன்பர்களுக்கு இதில் பயனுண்டு என்று நம்புகிறேன்.

பொருளும் சேவையும்

ஒரு கல்யாண விருந்தை எடுத்துக்கொள்வோம். அப்பளமும் ஊறுகாயும் பல நாள்களுக்கு முன்பே தயாராகிவிடும். இலட்டு முதல் நாளே பிடித்து வைக்கப்படும். உடைந்த இலட்டை யாரும் பார்க்குமுன் ஒதுக்கிவிடலாம். இவையெல்லாம் உற்பத்தி. ஆனால், பரிமாறுவதை முதல் நாளே செய்து வைக்க முடியுமா? விருந்தினர் இலையின் முன் அமர்ந்த பிறகுதான் அது தொடங்கும். பரிமாறுபவர் தடுமாறினால் விருந்தினர் கண்ணெதிரேயே தவறு நடந்துவிடும். இது சேவை.

பொருளைச் சேமித்து வைக்கலாம்; சேவையைச் சேமிக்க முடியாது. தொழிற்சாலையில் திட்டம் பிசகினால் கிடங்கில் பொருள் தேங்கும். சேவையில் திட்டம் பிசகினால் மனிதர்கள் தேங்குவார்கள். அந்தத் தேக்கத்துக்குத்தான் 'வரிசை' என்று பெயர்.

தொழிற்சாலை தந்த பாடங்கள்

1913ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டு நிறுவனத்தார் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தனர். தொழிலாளி காரைத் தேடிப் போகாமல் கார் தொழிலாளியிடம் வந்தது. சுமார் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட இணைப்பு வேலை, அடுத்த ஆண்டிலேயே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

பின்னர் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ என்பவர் வீணாவதை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டினார். தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், வீண் போக்குவரத்து, வேண்டாத வேலை, தேங்கிய சரக்கு, வீண் அசைவு, குறைபாடுள்ள பொருள் என்பனவே அவை. இவற்றில் காத்திருத்தல் சேவைத் துறைக்கு அப்படியே பொருந்தும்.

1984இல் வெளிவந்த 'தி கோல்' என்ற நூலில் எலியாஹு கோல்ட்ராட் இன்னொரு கருத்தை விளக்கினார். புட்டி எவ்வளவு பெரிதாயினும், தண்ணீர் வெளிவரும் வேகத்தை அதன் கழுத்துதான் தீர்மானிக்கிறது. எந்த அமைப்பிலும் அப்படி ஓர் இடுக்கு இருக்கும். இடுக்கில் ஒரு மணி நேரம் வீணானால் அமைப்பு முழுவதற்குமே ஒரு மணி நேரம் வீணானதாகும். மற்ற இடங்களில் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை.

வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் அதற்கு நிரூபணம் தந்தார். வரிசையில் 120 பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு 8 பேர் கவனிக்கப்படுகிறார்கள் என்றால், கடைசியில் நிற்பவர் ஏறத்தாழ 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். 120ஐ 8ஆல் வகுத்தால் போதும்!

மதுரையில் ஒரு சான்று

இப்பாடங்கள் அனைத்தும் ஒரே இடத்தில் கூடி நிற்பதைக் காண விரும்புவோர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்கலாம். உலகின் நிர்வாகக் கல்லூரிகள் பலவற்றில் இது பாடமாக வைக்கப்பட்டுள்ளது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் விடாது பயிற்சி செய்து கண் அறுவை மருத்துவரானவர் அவர். 2006இல் மறைந்தார்.

கண்புரையால் வரும் பார்வையிழப்பை ஒரு சிறிய அறுவையால் நீக்கிவிடலாம். இருந்தும் இந்தியாவில் இலட்சக்கணக்கானோர் இருளில் காத்திருந்தனர். நோயாளிகளுக்குக் குறைவில்லை, மருந்தும் இருந்தது. அறுவை மருத்துவரின் நேரம்தான் போதவில்லை. அதுவே இடுக்கு. அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில், பேரளவில் உணவு வழங்குவதைக் கண்ட டாக்டர், கண் சிகிச்சையை ஏன் அவ்வாறு வழங்க முடியாது என்று கேட்டார்.

மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் மருத்துவர் செய்வது என்று அங்கு முறை வகுக்கப்பட்டது. கண் பரிசோதனை, அளவெடுத்தல், நோயாளியைத் தயார்படுத்தல் போன்ற பணிகளை, பெரும்பாலும் கிராமத்துப் பெண்களான உதவியாளர்கள் ஈராண்டுப் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். அறுவைக்கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுவைக்குப் பத்து நிமிடம், முன்பின் ஏற்பாடுகளுக்குப் பத்து நிமிடம் என்று கொள்வோம். ஒரே மேசை என்றால் மணிக்கு மூவருக்குப் பார்வை கிடைக்கும். இரண்டு மேசை என்றால் ஆறு பேருக்கு! மருத்துவர் அவசரப்படவில்லை. அவர் காத்திருந்த நேரம் மட்டுமே மறைந்தது.

எண்ணிக்கை கூடினால் தரம் குறையாதா என்று கேட்கலாம். ஒரே பணியைப் பலமுறை செய்வதால் கை தேர்கிறது. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் பதிவு செய்யப்பட்டு அலசப்படுகின்றன. அதே மருத்துவர்கள்தாம் கட்டணப் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள். கட்டணம் செலுத்துவோர் தரும் தொகையின் மிச்சம் இலவசச் சிகிச்சைக்குத் துணையாகிறது.

இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை. பேருந்துக் கட்டணம், இழக்கும் கூலி, உடன் வர ஆளின்மை ஆகியவை அவர்களைத் தடுக்கின்றன. ஆகவே கிராமங்களில் முகாம் நடத்தி, அறுவை தேவைப்படுவோரை வாகனத்தில் அழைத்து வந்து, உணவளித்து, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடும் உண்டு. உள்ளூர்ச் சங்கங்களும் நன்கொடையாளர்களும் முகாம் செலவுகளில் பங்கேற்கிறார்கள். எந்த நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்பே தெரிவதால் மருத்துவமனையும் அதற்கேற்பத் தயாராகிறது.

சேவைக்குத் துணையாக ஓர் ஆலை

புரையை நீக்கிய பின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்த வேண்டும். அன்று வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை சுமார் 100 அமெரிக்க டாலர். அதனால் ஏழை நோயாளிகள் பலருக்குத் தடித்த கண்ணாடிதான் கிடைத்தது. 1992இல் மதுரையிலேயே 'அரோலேப்' என்ற ஆலை நிறுவப்பட்டு, லென்ஸ் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

லென்ஸை முன்பே செய்து, சோதித்து, குறையுள்ளதை ஒதுக்கி, கிடங்கில் வைக்கலாம். அறுவையை அப்படி வைக்க முடியாது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அமைப்புகளில் உற்பத்தியும் சேவையும் தத்தம் இயல்புக்கேற்ற முறையில் நடப்பதை இங்கே காண்கிறோம். வகுப்பில் எழுந்த கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையும் இதுவே. கருவிகள் வேறுபடலாம், வீணைக் களைந்து இடுக்கைக் காப்பது என்ற கொள்கை ஒன்றே.

கொடுப்பவர் கேட்க வேண்டியவை

ஓர் இலவச மருந்தகமோ, முதியோர் இல்லமோ, கல்வி நிதியோ எதுவாயினும், உதவும் அன்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

1. உதவி வேண்டி வருபவர் எவ்வளவு நேரம் அல்லது எத்தனை நாள் காத்திருக்கிறார்? யாராவது அதை எண்ணிப் பார்க்கிறார்களா?

2. இடுக்கு எது? இடமா, ஆளா, கருவியா, கையெழுத்திடும் அதிகாரியா? மருத்துவர் வாரம் ஒருமுறைதான் வருகிறார் என்றால் மேலும் இருபது நாற்காலி வாங்குவதால் வரிசை குறையாது.

3. அரிய திறமை உடையவர் பிறர் செய்யக்கூடிய வேலையில் நேரத்தைச் செலவிடுகிறாரா? அதைத் தொண்டூழியர் ஒருவர் ஏற்க முடியுமா?

இக்கேள்விகள் குறை காண்பதற்கல்ல. நூறு வெள்ளியால் மூவருக்கு உதவுவதா, ஆறு பேருக்கு உதவுவதா என்பது பல வேளைகளில் பணத்தின் அளவைப் பொறுத்ததன்று. பணி ஒழுங்கைப் பொறுத்தது. ஈகை உள்ளத்தில் பிறக்கிறது; அது உரியவர் கையில் போய்ச் சேருவதற்கு நிர்வாகம் வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவரை மனத்தில் வைத்து நம் பணிகளைத் திட்டமிடுவோமாக!