‘திருக்குலத்தார்’ என்னும் திருநாமம்

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்பேட்டை என்ற பெயர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. பெருமாளின் திருவடியை நினைப்பவர்க்கு மருவிய பெயரே இனிக்கிறது! ஆனால் அது தானே அமைந்த பெயர். எம்பெருமானார் திருநாராயணபுரத்தில் எண்ணியே சாற்றியருளிய பெயர் ஒன்றுண்டு, அதுவே ‘திருக்குலத்தார்’.

செல்வப்பிள்ளையை தில்லியிலிருந்து எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வருகையில், தீண்டத்தகாதார் என்று ஊர் விலக்கியவர்களே துணை நின்றனர் என்றும், அதனால் உகந்து ஸ்வாமி அவர்களுக்கு இத்திருநாமம் சாற்றினார் என்றும் பெரியோர் பணிப்பர்.

இங்குத் ‘திரு’ என்பதை மரியாதை அடைமொழியாக மட்டும் கொள்ளலாகாது. அது பெரிய பிராட்டியாரின் திருநாமம். ஆகவே, திருக்குலத்தார் என்றால் பிராட்டியின் குலத்தவர். ‘ஸ்ரீவைஷ்ணவர்’ என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, அதில் முன்னிற்கும் ‘ஸ்ரீ’யும் அவளே. இரு பெயர்க்கும் தலைச்சொல் ஒன்று. இரு சாராருக்கும் தாய் ஒருத்தி. ‘குலம்’ என்ற சொல்லைக் கொண்டே உலகோர் அவர்களைத் தாழ்த்தினர். ஸ்வாமி அச்சொல்லை நீக்கவில்லை. அதன் தலைமேல் திருவை எழுந்தருளப்பண்ணினார்.

இதற்கு வித்து ஆழ்வார்கள் ஈரச்சொல்லிலேயே உள்ளது. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் அடியார்களைத் ‘தொண்டக்குலம்’ என்கிறார். அக்குலத்துக்குத் தொண்டே அடையாளம், பிறப்பன்று. நம்மாழ்வாரோ திருவாய்மொழி மூன்றாம் பத்து ஏழாம் பதிகத்தில், நால்வகைச் சாதிக்கும் கீழ்ப்பட்டவராயினும் எம்பெருமானுக்கு ஆட்பட்டவர் உண்டெனில், அவர்தம் அடியாரின் அடியாரும் தமக்குத் தலைவர் என்று அறுதியிடுகிறார். இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

பிற்காலத்தில் காந்தியடிகள், குஜராத்திக் கவி நரசிம்ம மேத்தாவின் வழக்கிலிருந்து ‘ஹரிஜன்’ என்பதைக் கைக்கொண்டு 1933-இல் அப்பெயரில் வார இதழும் தொடங்கினார். அப்பெயரால் குறிக்கப்பட்டவரிலேயே பலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது பெயரை அன்று, உரிமையை.

அந்தக் கேள்வி நம்மையும் விடாது. வங்கியில் கணக்கின் பெயரைத் திருத்துவது ஒரு வேலை; கணக்கை இயக்கும் உரிமையை அளிப்பது வேறு வேலை. அடியேன் பல்லாண்டு செய்த தொழில் ஆதலால் இந்த வேறுபாடு கண்ணில் படுகிறது. திருக்குலத்தார் என்று போற்றப்பட்டவர்க்கும் திருநாராயணபுரத்துக் கோயிலினுள் புக நெடுங்காலம் ஆண்டில் சில நாட்களே வாய்த்தன. மற்ற நாட்களில் பிராட்டியின் குலத்தவர் வாசலுக்கு வெளியே நின்றனர். நம் சென்னை மாகாணத்திலோ, கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. எம்பெருமானார் அத்திருநாமம் சாற்றி அதற்குள் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தன.