வாக்குப்பெட்டியைத் திறந்த பிறகு

கேள்வி: மகளின் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தலாம். இதெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இல்லை, அம்மா. மாணவத் தலைவர்களைப் பெரும்பாலும் ஆசிரியர்களே நியமிக்கிறார்கள். இந்தப் பாராளுமன்றத்துக்கோ பிள்ளைகளே வாக்களிக்கிறார்கள். சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் எல்லாரும் உண்டு. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் தருகிறது. ஆனால் தேர்தலோடு எல்லாம் ஓய்ந்துவிட்டால் அது கண்காட்சிதான். மாணவிகளின் மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்று ஒருத்தி அமர்வில் எழுந்து சொன்னால், எப்போது சரியாகும், இல்லாவிட்டால் ஏன் முடியாது என்று அடுத்த அமர்வில் அதிபர் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில் படிக்கும் உங்கள் துறைமுக நகரில், இந்தப் பாராளுமன்றங்கள் ஒன்றுகூடிப் பேசவும் வழி செய்ய வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் நீங்களே இதைக் கேளுங்கள்.