நாள் தள்ளிப் போச்சா? வேலை மாறும் முன் வாரத்தை எண்ணுவோம்



எங்கள் குழுவில் ஒரு தங்கை, சேமிப்பைக் கட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. மில்லுல ராத்திரி ஷிஃப்ட் முடியல. பக்கத்து ஊர் தையல் கம்பெனியில கூப்பிடறாங்க. நின்னுடலாமா? மூணு மாசம் முடியற வரைக்கும் வெளியில சொல்லாதேன்னு மாமியார் சொல்றாங்க."

இது பல வீட்டுக் கேள்வி. அதனால் இதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வாரம் எண்ணுவது எப்படி?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிப் போனது தெரியும்போதே 4 வாரம் முடிந்திருக்கும். 40 வாரத்தில் பிரசவ நாள்.

4, 5-வது வாரம்: நர்சம்மாவிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வோம். ஃபோலிக் அமில மாத்திரையை உடனே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளை, தண்டுவடம் உருவாகும் காலம் இது.

6, 7-வது வாரம்: குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கும். நமக்கு மசக்கை, அசதி வரும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவோம்.

8 முதல் 10-வது வாரம்: கை, கால், விரல்கள் உருவாகும். பூச்சிமருந்து அடிக்கும் இடத்துக்குப் போக வேண்டாம். பெரிய சுமை தூக்க வேண்டாம்.

11, 12-வது வாரம்: முக்கிய உறுப்புகள் உருவாகியிருக்கும். இதற்குள் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருக்க வேண்டும்.

எந்த வாரமானாலும் ரத்தப்போக்கு, கடுமையான அடிவயிற்று வலி, மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்வோம்.

வேலை மாறலாமா?

மாறலாம். ஆனால் கணக்குப் பார்த்து மாற வேண்டும். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. 2017 முதல் இப்படி. பிரசவத்துக்கு முன்னால் இதில் 8 வாரம் வரை எடுக்கலாம். ஆனால் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில், அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்.

8-வது வாரம் முடிந்து புது இடத்தில் சேர்ந்தால், 32-வது வாரம் வரை 24 வாரம் இருக்கிறது. வாரம் 6 நாள் என்றால் 144 நாள். 80 தாராளமாகத் தாண்டும். அதையே 24-வது வாரத்தில் மாறினால் 48 நாள்தான் கிடைக்கும். மாறுவதென்றால் சீக்கிரமே மாறுவது நல்லது.

பத்துப் பேருக்குக் குறைவான சின்னக் கடையில் இந்த உரிமை கேட்பது கடினம். சேரும் முன் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரிப்போம். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பழைய எண்ணையே புது இடத்தில் கொடுப்போம். பழைய நாள்களும் கணக்கில் சேரும். கர்ப்பம் என்று சொல்லி, "நானே நிற்கிறேன்" என எழுதிக் கேட்டால், படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். இதற்கும் 12 வாரத்துக்குள் பதிவு வேண்டும்.

ஊருக்குச் சொல்ல மூணு மாசம் ஆகட்டும், தப்பில்லை. நர்சம்மாவுக்கு மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுவோம். அந்தத் தங்கையின் மாமியாரிடம் இதைத்தான் சொன்னோம். "அப்படின்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். 7-வது வாரத்திலேயே பதிவு முடிந்தது. தையல் கம்பெனியில் நாற்பது பேர் என்று தெரிந்த பிறகே தங்கை மில்லை விட்டாள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் 12 வாரத்துக்குள் பதிவு செய்யாதவர் யாராவது உண்டா?
2. வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்களில் யாருக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறது?
3. மசக்கை நாளில் ஒரு உறுப்பினரின் வீட்டு வேலையை யார் பகிர்ந்துகொள்ளலாம்?